மஞ்சள் விளக்கை அணைத்தால் போதுமா?

உங்கள் வீட்டுக் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா? வேகமானிக்குப் பக்கத்தில், இயந்திரத்தின் படம் போட்ட சிறு விளக்கு. விரிவுரை மண்டபத்தில் இதைக் கேட்டுக் கை தூக்கச் சொன்னால் நிறைய கைகள் உயரும் என்றே நினைக்கிறேன். "அது ரொம்ப நாளா எரியுதுடா, ஒன்னும் ஆகல" என்பது நம் அப்பாமார்கள் சொல்லும் வழக்கமான பதில். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிரிப்பதற்காக இதை எழுத வரவில்லை. சென்ற ஆண்டு அந்த விளக்கின் பெயரால் எங்கள் குடும்பம் 670 ரிங்கிட்டை வீணாக்கியது. 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அப்பா காவலாளி வேலை செய்கிறார். அவர் கையில் வருவதும் ஏறக்குறைய அதுதான். அப்படியென்றால் 670 ரிங்கிட் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதில் பெரும் பங்கு என் அவசரத்தால் போனது. படித்தவன் என்ற மிதப்பில் செய்த அவசரம்.

எங்கள் கார் 2007இல் தயாரானது. அப்பா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். நாங்கள் பீடோரில் இருக்கிறோம். பாட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் 3 நாள் தெலுக் இந்தானுக்கு டையலிசிஸ் செய்யப் போகவேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் கார் என்பது ஊர் சுற்ற இருக்கும் பொருள் அல்ல.

தவணை விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது விளக்கு எரிந்தது. நான் பொருளியல் மாணவன். இயந்திரம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் கைப்பேசி இருக்கிறதே! இணையக் கடையில் 35 ரிங்கிட்டுக்கு ஒரு குறியீடு வாசிப்பான் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசிகளுக்கான ஒரு துளை இருக்கும். அதில் மாட்டினால் காரின் கணினி கைப்பேசியோடு பேசும். அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்களில் இந்தத் துளையும் குறியீட்டு முறையும் கட்டாயமாக்கப்பட்டன. புகையைக் கட்டுப்படுத்துவதற்காக வந்த சட்டம் அது. பின்னர் இது உலகம் முழுவதும் பரவியது.

திரையில் வந்த எண் பி0171. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். கீழே 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். விளக்கு அணைந்தது. "பார்த்தியா, படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்று அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டுப் பெருமைப்பட்டேன்.

நான் செய்தது பழுதுபார்ப்பு அல்ல. காய்ச்சல்காரனின் கையிலிருந்த வெப்பமானியைப் பிடுங்கி உதறிவிட்டு, "காய்ச்சல் போய்விட்டது" என்று சொன்னேன். அவ்வளவுதான்.

சில நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. இந்த முறை அப்பா ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கேயும் வாசிப்பானை மாட்டினார்கள், அதே எண் வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு" என்று மாற்றினார்கள். 380 ரிங்கிட். விளக்கு அணைந்தது. பத்து நாளில் திரும்ப எரிந்தது. இன்னொரு பட்டறையில் பிளக் மாற்றி, காற்று போகும் வாயைச் சுத்தம் செய்து 140 ரிங்கிட் வாங்கினார்கள். மறுபடியும் அணைந்தது, மறுபடியும் எரிந்தது.

ஏன் ஒவ்வொரு முறையும் அணைந்து அணைந்து எரிகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எந்தப் பொருளை மாற்றினாலும் கடைசியில் குறியீட்டை அழித்துத்தான் காரைக் கொடுப்பார்கள். அழித்தால் விளக்கு அணையத்தான் செய்யும். இப்படிப்பட்ட கோளாறுகளில், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் அதே கோளாறு தென்பட்டால்தான் கணினி விளக்கை எரியவிடும். இடையில் கிடைக்கும் அந்தச் சில நாட்களை நாம் 'சரியாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அப்பாவுக்கு வேலை. பாட்டியை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். தெலுக் இந்தானை நெருங்கும்போது ஒரு சமிக்ஞை விளக்கில் நிறுத்தினேன். கார் குலுங்கியது, நின்றது. முடுக்கினால் உயிர் வருகிறது, காலை எடுத்தால் செத்துப்போகிறது. பின்னால் லாரிக்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல ஐயா, மெதுவா பாரு" என்றார். வழியில் போன ஒருவர் இரக்கப்பட்டுத் தம் காரில் எங்களை மையத்தில் கொண்டுபோய் விட்டார். பாட்டிக்கு ஒதுக்கிய நேரம் தாண்டிவிட்டது. அன்று அவருக்கு முழு நேரமும் சுத்திகரிப்பு கிடைக்கவில்லை. காரை இழுத்துவர 150 ரிங்கிட்.

அந்த விளக்கு எனக்கு விளையாட்டு இல்லை என்றானது அன்றுதான்.

காரை இழுத்தவர் லங்காப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்த அங்கிளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் போனதும் வாசிப்பானை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"அது இருக்கட்டும் தம்பி. மொதல்ல சொல்லுங்க, ஓடும்போது நிக்குதா, நிக்கும்போது நிக்குதா?"

"நிக்கும்போதுதான் அங்கிள். சிக்னல்ல."

"காலையில ஸ்டார்ட் பண்ண ஒடனேவா, சூடான பிறகா?"

"சூடான பிறகு."

"மொதல்ல வந்த நம்பர அழிச்சது யாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குறியீடு பதிவாகும் அந்த நொடியில் கார் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணினி சேர்த்தே பதிந்து வைக்கும். வேகம் எவ்வளவு, இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, நீரின் வெப்பம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழியும். நல்லவேளை, திரும்ப எரிந்தபோது புதிதாக ஒன்று பதிவாகியிருந்தது. அங்கிள் தம் கருவியை மாட்டி அதைக் காட்டினார்: வேகம் 0, சுற்று 680, வெப்பம் 88 பாகை. அதாவது நன்கு சூடான இயந்திரம், நின்றுகொண்டிருக்கும் கார். நான் வாயால் சொன்னதையே காரும் சொல்லியிருந்தது.

அடுத்து இன்னோர் எண்ணைக் காட்டினார். பெட்ரோல் இயந்திரத்துக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் என்ற எடைக் கணக்கில் கலவை வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த பிறகு எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டுக் கணினி எரிபொருளைக் கூட்டும், குறைக்கும். எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். சில விழுக்காடு முன்பின் இருப்பது இயல்பு. எங்கள் கார் சும்மா நிற்கும்போது 23 விழுக்காடு கூட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் முடுக்கி 2,500 சுற்றில் பிடித்தார். 5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

"புரியுதா தம்பி? காத்து ஒரு பக்கம் திருட்டுத்தனமா உள்ள வருது. ஸ்லோவுல நிக்கும்போது இஞ்சின் இழுக்குற காத்தே கொஞ்சம்தான். அதுல திருட்டுக் காத்து பெரிய பங்கு. மிதிச்சா நல்ல காத்து நிறைய வருது, திருட்டுக் காத்தோட பங்கு கொறைஞ்சிடுது. பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா தலைகீழா இருக்கும். மிதிக்கும்போதுதான் நம்பர் ஏறும்."

இடைநிலைப் பள்ளியில் 'பெம்பாக்காரான்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். கைப்பேசியில் ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து பக்கங்கள் படித்தவன். ஆனால் எனக்கு உண்மையில் புரிந்தது 'திருட்டுக் காத்து' என்ற அந்தச் சொல் காதில் விழுந்தபோதுதான்.

பிறகு அவர் கையால் ஒவ்வொரு ரப்பர் குழாயாக வளைத்துப் பார்த்தார். இயந்திரத்தின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய் ஆவியை மறுபடியும் உள்ளே இழுத்துக் கொள்வதற்கென ஒரு குழாய் உண்டு. சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு நாளடைவில் அது இறுகி வெடிக்கும். பழைய கார்களில் சாதாரணமாக நடப்பதுதான். மேலே பார்த்தால் நன்றாக இருந்தது. அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பிளவு. அங்கிள் அந்தப் பிளவை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். குலுங்கிக்கொண்டிருந்த இயந்திரம் அப்படியே அடங்கியது. விரலை எடுத்தார், குலுங்கியது. மறுபடியும் பிடித்தார், அடங்கியது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

குழாயின் விலை 14 ரிங்கிட். மாற்றிய பிறகு 23 விழுக்காடு 3 ஆனது. அதற்குப் பிறகுதான் குறியீட்டை அழித்தார்.

"மாத்துன பழைய சென்சார் எங்க?" என்று கேட்டார். நாங்கள் கேட்டு வாங்கவில்லை என்றேன். "பாவம் அது. உண்மையச் சொன்னதுக்கு அதத் தூக்கிப் போட்டுட்டீங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். காற்று அதிகம் என்று சென்சார் சொன்னது. காற்று அதிகமாகத்தான் இருந்தது! சேதி கொண்டுவந்தவனைத் தண்டித்துவிட்டு, சேதியை அப்படியே விட்டுவிட்டோம்.

மொத்தம் 64 ரிங்கிட் வாங்கினார். குழாய்க்கு 14, பார்த்ததற்கு 50. நான் 50 ரிங்கிட்டை எண்ணிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செக் பண்ண அம்பது வெள்ளின்னு சொன்னா, 'வெறும் மிஷின் மாட்டிப் பார்க்க அம்பது வெள்ளியா'ன்னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க தம்பி. நானூறு வெள்ளிக்கு சாமான் மாத்துனா ஒரு வார்த்தை பேசாமக் கொடுப்பாங்க. அப்ப கடைக்காரன் எத விப்பான்?"

இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

பட்டறைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் எங்கள் காரைப் பார்த்த முதல் இரண்டு பட்டறைகளும் ஏமாற்றின என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ஊகித்தார்கள். ஊகிக்கும்படி நாம்தான் வைத்திருக்கிறோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். "சீக்கிரம் முடிங்க", "லைட்ட மட்டும் அணைச்சிக் கொடுங்க" என்போம். ஒரு மணி நேரம் நின்று காரணத்தைத் தேடுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கிடையாது என்றால், அவர் ஏன் தேடவேண்டும்?

"பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமே" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். சம்பளத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட தவணை கட்டி, ஒன்பது ஆண்டுக் கடனில் மாட்டிக்கொள்வது 14 ரிங்கிட் குழாய்க்குத் தீர்வாகாது. புதிய காரும் ஒருநாள் பழைய கார்தான். அப்போதும் அதே விளக்கு எரியும். அப்போதும் காரணம் தேடத் தெரியாமல்தான் நிற்போம்.

"அப்படியானால் சென்சாரே கெட்டுப்போகாதா?" என்றும் கேட்கலாம். கெட்டுப்போகும். சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்லும் குறியீடுகள் தனியாக இருக்கின்றன. அப்போதும் ஒயரைச் சோதித்த பிறகே மாற்றவேண்டும். சென்சாரை மாற்றவே கூடாது என்பது என் வாதமல்ல. குறியீடு என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு கேள்வியின் தொடக்கம் என்பதே நான் சொல்ல வருவது. விளக்கு எரிந்தால் எங்கே தேடுவது என்று அது சொல்லும். எதை வாங்குவது என்று சொல்லாது.

படிக்கும் தோழர்களுக்கு உதவும் என்பதால், எனக்குக் காசு செலவாகித் தெரிந்தவற்றை இங்கே தருகிறேன்.

1. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, இயந்திரம் உயிர்பெற்றதும் அணையவேண்டும். திருப்பும்போது எரியவே இல்லை என்றால் மகிழாதீர்கள். பல்பு போயிருக்கலாம், அல்லது யாராவது பிடுங்கியிருக்கலாம். பழைய கார் வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

2. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், கார் வழக்கம்போல் ஓடினால், பதறாமல் விரைவில் பார்க்கலாம். அது மினுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள விலையுயர்ந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும். எண்ணெய் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகள் வேறு கதை. அவை எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, இயந்திரத்தை அணைக்கவேண்டும்.

3. எதையும் அழிக்கும் முன் குறியீட்டையும் அதோடு பதிவான விவரங்களையும் படம் எடுத்து வையுங்கள்.

4. மிகப் பழைய கார்களில் இந்த 16 ஊசித் துளை இருக்காது. சிலவற்றில் துளை இருந்தும் மலிவு வாசிப்பானோடு பேசாது. 1990களின் பல கார்களில் சோதனை இணைப்பைக் கம்பியால் சேர்த்தால் விளக்கே விட்டுவிட்டு மினுக்கி எண்ணைச் சொல்லும். இதெல்லாம் தெரிந்த மூத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

5. "என்ன மாற்றவேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கைகாரர் இந்தக் கேள்வியைக் கேட்டு மகிழ்வார். மாற்றிய பொருளைக் கேட்டு வாங்குங்கள். பார்த்ததற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன். திருக்குறள் ஒப்பிக்கும் போட்டியில் பரிசு வாங்கியவன். 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்குச் சொல்லும் வரிசை என் நாக்கில் இருந்தது. முதலில் நோய் எது, அடுத்து அதன் காரணம் எது, அதன் பிறகே தீர்க்கும் வழி. மேடையில் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கைதட்டு வாங்கினேன். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே வரிசை எனக்குத் தேவைப்பட்டபோது, முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து 'அழி' பொத்தானை அழுத்தினேன். லங்காப் அங்கிள் குறளைச் சொல்லவில்லை. அதன்படி நடந்தார்.

தமிழ் தெரியும் என்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதனால்தான் தோன்றுகிறது. நம் மொழிக் கழகத்தில் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நடத்தவேண்டியதுதான். கூடவே ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் என்ன? பொறியியல் புலத்தில் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் உறுப்பினர்களில் வாகனத் துறையில் இருப்பவர்களும் இருப்பார்கள். வாகன நிறுத்துமிடத்தில் நம் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நிறுத்தி வைத்து, ஒரு நாள் முழுக்கத் தமிழிலேயே கற்றுக் கொடுக்கலாம். தமிழில் சொல் இல்லையே என்று தயங்க வேண்டாம். 'திருட்டுக் காத்து' எந்தக் கலைச்சொல் அகராதியிலும் இருக்காது. ஆனால் அதைக் கேட்ட எவரும் அந்தப் பழுதை மறக்கமாட்டார்கள். நம் பட்டறைகளில் இப்படி எத்தனை சொற்கள் எழுதப்படாமல் கிடக்கின்றனவோ! அவற்றைக் கேட்டு எழுதி வைத்தாலே அது ஒரு தமிழ்ப்பணிதான்.

எல்லாரும் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கேட்கக் கற்றுக்கொண்டேன். பட்டறையில் நம் அப்பாமார்கள் கேட்கத் தயங்கி, சொன்ன தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பல்கலைக்கழகம் வரை வந்த நாம் அவர்கள் பக்கத்தில் நின்று இரண்டு கேள்வி கேட்டால், அதுவே நம் படிப்பு வீட்டுக்குக் கொடுக்கும் முதல் பயன்.

இப்போதும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் பாட்டியை நான்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். சாவியைத் திருப்பும்போது பாட்டியும் எட்டிப் பார்க்கிறார். மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறது. "அணைஞ்சிருச்சு ஐயா, போலாம்" என்கிறார். நாளை அது மறுபடியும் எரியலாம். எரிந்தால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். பொத்தானை அழுத்தமாட்டேன்.